கம்பஸ் இலவசம்தான், முதல் ஐந்து மாதத்துக்குக் கையில் காசு வேணும்

ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) பெறுபேறு வந்த கிழமை பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்டார். "தம்பி, மகளுக்குக் கம்பஸ் கிடைக்கும் போல இருக்குது, எவ்வளவு கட்ட வேணும்?" படிப்புக்கென்று ஒன்றும் கட்டத் தேவையில்லை அக்கா என்று சொன்னேன், "அப்பாடா" என்றவர் அடுப்பில் ஏதோ கருகுது என்று உள்ளே ஓடிவிட்டார். நான் சொல்ல வந்ததில் பாதி வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. அந்தப் பாதியைத்தான் இங்கே எழுதுகிறேன், திருகோணமலையில் இருந்து பிள்ளையை அனுப்பப் போகிற எல்லோருக்கும் உதவும்.

என்னைப் பற்றி ஒரு வரி. அப்பா கடலுக்குப் போகிறவர், நான் மூத்தவன். தங்கை பேராதனையில் விவசாயம் படித்தாள், தம்பி பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளியை எட்டாமல் இங்கேயே அரச உயர் தொழில்நுட்ப நிறுவனமான ஏ.டி.ஐ.யில் படித்தான். இரண்டு பேருடைய காசுக் கணக்கும் என் கையால் எழுதிய ஒரு சி.ஆர். கொப்பியில் இருக்கிறது, கீழே நான் சொல்கிற எங்கள் வீட்டுத் தொகைகள் அதில் இருந்து வருகிறவை. உங்களுக்குக் கூடக் குறைய இருக்கும்.

முதலில் இலவசம் என்றால் எது இலவசம் என்று பார்ப்போம். 1945 இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி இன்றைக்கும் அரச பல்கலைக்கழகத்து உள்வாரிப் பட்டம் வரை வருகிறது. கற்பித்தல் கட்டணம் கிடையாது, பதிவுக்கும் விடுதிக்கும் எடுக்கிற தொகை சின்னது. பெரும்பாலான பாடநெறிகளுக்கான அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படி, மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு, அதில் திருகோணமலையும் ஒன்று. கொழும்பில் இருக்கிற சொந்தக்காரப் பிள்ளையின் இசட் புள்ளியோடு (அனுமதிக்குப் பார்க்கிற ஏ.எல். புள்ளி) உங்கள் பிள்ளையுடையதை ஒப்பிட்டு மனம் சோர்ந்து, உடனே தனியார் நிறுவனத்துக்கு லட்சக்கணக்கில் முற்பணம் கட்டிவிடாதீர்கள். நம் மாவட்டத்து வெட்டுப்புள்ளி வரும்வரை பொறுங்கள். இந்த அவசரத்தில் கட்டி, பிறகு அரச பல்கலைக்கழகம் கிடைத்து, கட்டிய காசைத் திருப்பி எடுக்க முடியாமல் நின்ற இரண்டு குடும்பங்களை எனக்குத் தெரியும்.

விண்ணப்பத்தில் பாடநெறிகளை விருப்ப ஒழுங்கில் போடுகிற இடத்தில் செலவையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது, பிரயோக விஞ்ஞானம், தொடர்பாடல், வணிகம், சித்த மருத்துவம் எல்லாம் அங்கே. நிலாவெளி பஸ்ஸில் ஏறி வீட்டுச் சாப்பாட்டோடு போய்வரலாம், மாதச் செலவு பாதிக்கும் கீழே வந்துவிடும். ஆனால் பிள்ளை விவசாயம் படிக்க ஆசைப்படும்போது, பக்கத்தில் இருக்குது என்ற ஒரே காரணத்துக்காக வேறொன்றை மேலே போடச் சொல்லாதீர்கள். எங்கள் வீட்டில் அம்மா அப்படிக் கேட்டார், தங்கை இரண்டு நாள் சாப்பிடவில்லை.

சரி, காசுக்கு வருவோம்.

தங்கை போகும்போது வாங்கியவை கொப்பியில் வரிசையாக இருக்கின்றன: வாளி, நுளம்பு வலை, படுக்கை விரிப்பு, ஸ்வெட்டர் (திருகோணமலை வெயிலில் வளர்ந்த பிள்ளைக்குக் கண்டிப் பக்கத்துக் குளிர் ஒரு மாதம் இருமல் கொடுத்தது), ஆய்வுகூடத்துக்கு வெள்ளை அங்கி, வயலுக்கு இறங்க பூட்ஸ், இரண்டு செட் உடுப்பு, பயணம், பதிவு. எல்லாம் சேர்த்து 60,000 ரூபா, மடிக்கணினி இல்லாமல். பிறகு சாப்பாடு, போட்டோக்கொப்பி, டேட்டா, மாதம் ஒருமுறை தம்புள்ளை வழியாக வீட்டுக்கு வந்துபோகிற பஸ் காசு என்று மாதம் 20,000. விடுதி கிடைத்தபடியால்தான் அந்த அளவில் நின்றது. விடுதி இல்லாத வருடம் வெளியில் போடிங் எடுத்தபோது அறைக்கு முற்பணமும் கேட்டார்கள், அந்த வருடத்துப் பக்கத்தை நான் திருப்பிப் பார்ப்பதில்லை.

பல்கலைக்கழக மாணவர்களுக்கான மகாபொல புலமைப்பரிசில் அப்போது மாதம் 5,000. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அதை 7,500 ஆக்கினார்கள், பேசரி என்று நாங்கள் சொல்கிற உதவிப்பணத்தை 4,000 இல் இருந்து 6,500 ஆக்கினார்கள். நீங்கள் விண்ணப்பிக்கிற வருடத்தில் எவ்வளவு என்று அறிவித்தலில் பாருங்கள். இதில் இரண்டு விசயம் கவனியுங்கள். ஒன்று, வருடத்துக்குப் பத்துத் தவணைதான் தருவார்கள், பன்னிரண்டு என்று கணக்குப் போடாதீர்கள். இரண்டாவதுதான் பெரிய விசயம். பிள்ளை பல்கலைக்கழகத்தில் பதிந்து, தெரிவுப் பட்டியல் வந்து, வங்கிக் கணக்கு விபரம் போய்ச் சேர்ந்து, அதற்குப் பிறகுதான் முதல் பணம் வரும். தங்கைக்கு ஐந்தாம் மாதத்தில் நிலுவை எல்லாம் சேர்த்து 25,000 ஆக வந்தது. வந்தது சந்தோசம், ஆனால் அதற்குள் நாங்கள் 60,000 உம் ஐந்து இருபதினாயிரமும், அதாவது 1,60,000 ரூபா, கையில் இருந்து போட்டு முடித்துவிட்டோம். இலவசக் கல்விக்கு உங்களிடம் முதலில் இருக்கவேண்டிய காசு இதுதான். நான்கு வருடத்துக்கும் சேர்த்து யோசித்துத் தலையைப் பிய்ப்பதை விட்டுவிட்டு இந்தத் தொகையை மட்டும் இலக்காக வையுங்கள், ஆறாம் மாதத்தில் இருந்து மாதா மாதம் சமாளிக்கலாம்.

இதில் நம்மூருக்கென்று ஒரு சிக்கல். கடல் தொழிலும் வயலும் மாதச் சம்பளம் இல்லை. மாரிக்கு வள்ளம் கரையில் ஏறினால் தை வரைக்கும் வீட்டில் காசு ஓடாது, தம்பலகாமத்தில் பெரும்போகத்து நெல்லு வெட்டிக் காசு கையில் வர மாசி பங்குனி ஆகும். பல்கலைக்கழகத்தில் இருந்து வருகிற பதிவுக் கடிதம் இதையெல்லாம் பார்த்து வராது. தங்கைக்கு வந்தது கார்த்திகையில், மழை கொட்டிக்கொண்டு இருந்தது, அப்பா வலை பின்னிக்கொண்டு இருந்தார். ஆகவே ஏ.எல். எழுதி முடித்த நாளில் இருந்தே தொடங்குங்கள். பரீட்சைக்கும் பல்கலைக்கழகம் தொடங்குவதற்கும் இடையில் பல மாதம் கிடக்கும், அந்த இடைவெளியில் தங்கை ஆறாம் ஏழாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வீட்டு விறாந்தையில் கணிதம் சொல்லிக் கொடுத்துச் சேர்த்தது மட்டும் 38,000. கோடையில் மீன் படுகிற காலத்தில் கிழமைக்கு ஒரு தொகையைத் தனிப் புத்தகத்தில் போடுங்கள், வீட்டுச் செலவுப் புத்தகத்தில் போட்டால் அது நிற்காது.

அடுத்தது பேப்பர் வேலை. சலிப்பான வேலை என்று தள்ளிப்போட்டால் பிறகு காசாகக் கட்டுவீர்கள். மகாபொலவோ பேசரியோ, குடும்ப வருமானத்தைக் காட்ட வேண்டும், அதைக் கிராம உத்தியோகத்தர் (ஜீ.எஸ்.) உறுதிப்படுத்தப் பிரதேச செயலகம் மேலொப்பம் வைக்கும். டவுனில் இருப்பவர்களுக்கு அது பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம், மற்றவர்களுக்குக் கிண்ணியா, மூதூர், குச்சவெளி, தம்பலகாமம் என்று அவரவர் பக்கம். சம்பளச் சீட்டு இருப்பவர்களுக்குச் சுலபம். சீட்டு இல்லாத எங்களைப் போன்றவர்கள் ஜீ.எஸ்.ஸிடம் வெறுங்கையோடு போனால் அவர் எதை வைத்து எழுதுவார்? கடற்றொழிலாளர் சங்கக் கடிதம், வயல் என்றால் கமக்காரர் அமைப்புக் கடிதம், அஸ்வெசும அரச உதவிப்பணம் கிடைப்பதென்றால் அதற்கான சான்று, மற்றப் பிள்ளைகள் படிக்கிற பாடசாலையில் இருந்து அதிபர் கடிதம் எல்லாவற்றையும் கொண்டு போங்கள். படிக்கிற சகோதரர்கள் எத்தனை பேர் என்பதையும் கேட்பார்கள், அதை விட்டுவிடாதீர்கள்.

எங்களுக்கு நடந்த கூத்து ஒன்று. அம்மாவின் பெயர் அடையாள அட்டையில் ஒரு மாதிரியும் தங்கையின் பிறப்புச் சான்றிதழில் இன்னொரு மாதிரியும் இருந்தது, ஆங்கிலத்தில் ஓர் எச் எழுத்துத்தான் வித்தியாசம். பதினெட்டு வருடம் யாரும் கவனிக்கவில்லை. விண்ணப்ப முடிவுத் திகதிக்குப் பத்து நாள் இருக்கும்போதுதான் கண்டோம், பிறகு சத்தியக் கடதாசி முடிக்க ஓடிய ஓட்டம் இன்னும் கால் வலிக்கிறது. பெறுபேறு வரும் முன்னமே தாய், தகப்பன், பிள்ளை மூவருடைய பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் ஒரு மேசையில் விரித்து எழுத்துக்கு எழுத்துப் பாருங்கள். வருமானத்தைக் குறைத்துக் காட்டச் சொல்லி யாராவது யோசனை தந்தால் கேட்காதீர்கள், பிடிபட்டால் எடுத்த காசைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

மகாபொல கிடைக்காவிட்டால் அதோடு முடியவில்லை. பேசரி பல்கலைக்கழகத்தின் ஊடாக வரும், அறிவித்தல் பலகையிலும் மாணவர் நலன் பிரிவிலும் திகதி போடுவார்கள், பிள்ளைதான் கண் வைத்திருக்க வேண்டும். பீடங்களில் பழைய மாணவர்களும் ஓய்வுபெற்ற பேராசிரியர்களும் வைத்துவிட்டுப் போன சின்னச் சின்னப் புலமைப்பரிசில்களும் இருக்கும், முதல் வருடத்துப் பிள்ளைகள் கேட்க வெட்கப்பட்டு விட்டுவிடுகிறார்கள். தனியார் வேலையில் இருக்கிற பெற்றோர், ஊழியர் நம்பிக்கை நிதியான ஈ.டி.எப். சபை உறுப்பினர் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற புலமைப்பரிசிலையும் விசாரியுங்கள். ஊழியர் சேமலாப நிதியான ஈ.பி.எப். காசை எடுக்கலாமே என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இடையில் 30 வீதம் எடுக்கலாம் என்பது உண்மை, ஆனால் அது வீட்டுக்கும் மருத்துவத்துக்கும்தான், படிப்புக்கு இல்லை. அரச ஊழியர் என்றால் இடர் கடன் இருக்கிறது, வட்டி 4.2 வீதம், வெளியில் அந்த வட்டிக்கு ஒருவரும் தரமாட்டார்கள், ஆகவே அதை வீட்டுக்கு ரைல்ஸ் போட எடுத்து முடித்துவிடாமல் இந்த நேரத்துக்கு வையுங்கள்.

வெளிநாட்டில் சொந்தம் இருந்தால் கேட்கிற விதம் முக்கியம். "ஏதாவது உதவி செய்யுங்கோ" என்று கேட்டால் அவர்களுக்கும் எவ்வளவு என்று தெரியாது, நமக்கும் எப்போது வரும் என்று தெரியாது. நான் சுவிஸில் இருக்கிற மாமாவுக்குக் கொப்பியின் படத்தையே அனுப்பிவிட்டு எடுத்துச் சொன்னேன்: "மாமா, ஒரேயடியா வேண்டாம், முதல் வருசம் மட்டும் மாசம் எட்டாயிரம் போடுங்கோ, மகாபொல வந்த பிறகு நானே நிப்பாட்டச் சொல்லுவன்." சொன்னபடி பத்தாம் மாதம் நிறுத்தச் சொன்னேன். தம்பிக்குக் கேட்டபோது மறுபேச்சில்லாமல் அனுப்பினார். கோயில் நிர்வாகம், பாடசாலைப் பழைய மாணவர் சங்கம், ஊர்ச் சங்கம் எதற்குக் கடிதம் எழுதினாலும் இதே முறைதான், ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் தொகை, எத்தனை மாதம், எதற்கு என்று எழுதி அனுமதிக் கடிதப் பிரதியை இணையுங்கள்.

வெட்டுப்புள்ளி காணாத பிள்ளைகளுக்கு வருகிறேன், ஏனென்றால் உண்மையில் காசு கரைவது இந்த வீடுகளில்தான். பதற்றத்தில் விளம்பரம் பார்த்து ஓடுவார்கள். முதலில் திருகோணமலையிலேயே உயர் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, ஏ.டி.ஐ. என்று சொல்வது அதைத்தான். முழுநேர உயர் தேசிய டிப்ளோமாவுக்குக் கற்பித்தல் கட்டணம் இல்லை, பகுதிநேரத்துக்குத்தான் உண்டு. தம்பி கணக்கியல் படித்தான், காலையில் சைக்கிளில் போய் மத்தியானம் வீட்டில் சோறு. அவனுடைய முழுப் படிப்புக்கும் போனது தங்கையின் முதல் வருடச் செலவை விடக் குறைவு. திறந்த பல்கலைக்கழகத்துக்கும் இங்கே கற்கை நிலையம் இருக்கிறது, கட்டணம் உண்டு, ஆனால் வேலை செய்துகொண்டு எடுக்கிற பாடத்துக்கு ஏற்பக் கட்டிப் போகலாம். ஆசிரியர் பயிற்சிக்கான கல்வியியற் கல்லூரியையும் மறக்க வேண்டாம்.

தனியார் பட்டம்தான் என்று முடிவெடுத்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் இரண்டு கேள்வி. இந்தப் பட்டத்தை யார் தருகிறார்கள், அதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா? ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பட்டம் வழங்க அனுமதி உள்ள நிறுவனங்களும் அந்தந்தப் பட்டங்களும் பட்டியலாக இருக்கின்றன, நிறுவனத்தின் பெயரை மட்டும் பார்த்துத் திருப்திப்படாமல் பிள்ளை சேரப் போகிற பட்டத்தின் பெயரைத் தேடுங்கள். காசுக்கு, 2017 இல் தொடங்கிய வட்டியில்லா மாணவர் கடன் திட்டம் இருக்கிறது. ஏ.எல். சித்தியடைந்து அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்கு, தெரிவு செய்யப்பட்ட நிறுவனங்களின் தெரிவு செய்யப்பட்ட பட்டங்களுக்கு மட்டும். வட்டியை அரசு கட்டும், முதலை நீங்கள் படிப்பு முடிந்த பிறகு கட்டவேண்டும், பிணையாளரும் தேவை. உச்சத்தொகை முழுக் கட்டணத்துக்கும் போதுமா என்று அந்த நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள், போதாத மிச்சம் உங்கள் தலையில்தான்.

இந்தியாவில் படிக்க ஆசைப்படுகிறவர்கள் இந்திய உயர்ஸ்தானிகராலயம் கோருகிற புலமைப்பரிசில்களுக்கு விண்ணப்பிக்கலாம். நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசில் இளமாணிப் பட்டத்துக்கு, ராஜீவ் காந்தி பெயரில் உள்ளது தகவல் தொழில்நுட்பத்துக்கு. கட்டணமும் தங்குமிடப் படியும் மாதப் படியும் சேர்ந்து வருகிறபடியால் கிடைத்தால் பெரிய விசயம். மருத்துவத்துக்கு இல்லை, அதைக் கேட்டு வீணாக அலையாதீர்கள்.

இனிக் கடன். வேறு வழி இல்லாமல் வங்கியில் எடுப்பதாக இருந்தால், வட்டி எத்தனை வீதம் என்று கேட்பதோடு நிறுத்தாமல், குறைந்து போகிற மீதிக்கா அல்லது முதல் தொகைக்கே கடைசிவரை போடுவதா என்றும் கேளுங்கள். மூன்று லட்சம், 15 வீதம், மூன்று வருடம் என்று வைப்போம். மீதிக்கு மட்டும் வட்டி என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 10,400, மொத்த வட்டி 74,400 அளவில். முதல் தொகைக்கே வட்டி என்றால் தவணை 12,083, மொத்த வட்டி 1,35,000. பலகையில் இரண்டுக்கும் 15 வீதம் என்றுதான் எழுதியிருக்கும். வீட்டு வாசலுக்கே வந்து பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கிழமைக் கட்டுப்பணத்துக்குத் தருகிற நுண்கடன் பக்கம் படிப்புக்காகப் போகவே வேண்டாம். நாலு வருடம் கழித்து வருமானம் தரப்போகிற ஒன்றுக்கு அடுத்த திங்கட்கிழமையில் இருந்து கட்டத் தொடங்க முடியாது.

நகை ஈடு வைப்பது எங்கள் வீட்டிலும் நடந்தது. அம்மாவின் மூன்று பவுண் சங்கிலி, வங்கியில் உரைகல்லில் உரசி, கொளுக்கியைத் தனியாகத் தூக்கிப் பார்த்து, 24 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு என்று எழுதினார்கள். கழுத்தில் தேய்ந்தது என்றார் அம்மா. ஈடு வைப்பது பிழை இல்லை, ஆனால் எந்தக் காசு வந்து மீட்கப்போகிறது என்று வைக்கும் நாளிலேயே தெரிந்திருக்க வேண்டும். நாங்கள் கோடைத் தொழிலை நம்பி வைத்தோம், ஆடியில் மீட்டோம். அப்படி ஒரு திகதி சொல்ல முடியாவிட்டால், வட்டி ஏறி ஏலத்துக்குப் போகவிடுவதை விட ஒரு பவுணை இப்போதே விற்பது மேல், அம்மாமார் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது வேறு கதை. சீட்டு என்றால் தெரிந்தவர்களோடு குலுக்கல் சீட்டுப் பிடியுங்கள். ஏலம் கூறி எடுக்கிற கழிவுச் சீட்டை அவசரத்துக்கு ஆரம்பத்திலேயே எடுத்தால் கழிவில் போகிற காசைப் பார்த்து வயிறு எரியும்.

மடிக்கணினியை முதல் மாதத்தில் வாங்காதீர்கள். பீடத்துக்கு என்ன தேவை என்று மூத்த மாணவர்களிடம் கேட்டுவிட்டு, நிலுவை மகாபொல வந்த பிறகு, பாவித்ததாக இருந்தாலும் பற்றரி நல்லதாகப் பார்த்து வாங்கலாம். தங்கை நான்கு மாதம் விடுதித் தோழியுடையதிலும் நூலகத்திலும் சமாளித்தாள்.

அப்புறம் ஒரு சின்ன விசயம். முதல் மாதம் 20,000 ரூபாவையும் ஒரே நாளில் அவளுடைய கணக்குக்குப் போட்டேன். பதின்மூன்றாம் நாள் இரவு போன் வந்தது, குரல் ஒரு மாதிரி இருந்தது, சாப்பிட்டியா என்று கேட்டேன், பிஸ்கட் சாப்பிட்டன் அண்ணா என்றாள். திட்டவில்லை, அடுத்த மாதத்தில் இருந்து ஒவ்வொரு ஞாயிறு இரவும் 4,500 போட்டேன், பஸ் காசை மட்டும் வீட்டுக்கு வருகிற கிழமையில் தனியாக. அதன் பிறகு பிஸ்கட் போன் வரவில்லை.